கல்வாயர் மறுபடி பேசுவது எப்படி

கண்ணுகளா, புதுசாக ஒரு சனத்தை உண்டாக்குவது எவ்வளவு எரிச்சல் பிடித்த வேலை என்று பல்லக்காவைக் கேட்டால் சொல்வாள்.

பல்லக்கா என்பது அவளுக்குச் சிநேகிதி வைத்த பேர். பொய்ப்பல் கட்டுவது அவள் தொழில். டாக்டர்கள் அனுப்புகிற வாய் அச்சில் ப்ளாஸ்டரை ஊற்றி, அது இறுகியதும் மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, அந்த ஊரில் பாதிப் பேருக்குச் சிரிப்பு கொடுத்தவள். மேல் செட்டும் கீழ் செட்டும் ஒன்றோடொன்று கவ்வவில்லை என்றால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவள் வீட்டு மேஜையில் ஆட்டம் நடக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேஜைமேல் பகடை, தாள், பென்சில். அவ்வளவுதான் சாமான். ஒருத்தர் ஒரு உலகத்தை மனசுக்குள் கட்டி வைத்துக்கொண்டு கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து உள்ளே போய், "நான் இந்தக் கதவைத் தட்டுறேன்", "நான் அந்த ராட்சசன்கிட்டப் பேசிப் பாக்குறேன்" என்று வாயாலேயே வாழ்வார்கள். கதவு திறந்ததா, ராட்சசன் கேட்டானா என்பதைப் பகடை சொல்லும். இதற்கென்றே உலகங்கள் கடையில் புத்தகமாக விற்கின்றன. பல்லக்காவுக்கு அது ஆகாது. கடையில் வாங்கின பல்செட் யார் வாய்க்காவது பொருந்தியிருக்கிறதா என்பாள். மலை, ஆறு, அரசன், சந்தை எல்லாம் ஒன்பது வருஷமாக அவளே செய்தது.

மேஜையில் நாலு பேர். பல்லக்கா. பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே இருக்கிற சிநேகிதி, மருந்துக்கடைக்காரி. பஸ் கண்டக்டர் ஒருவர். விசில் இல்லாத நாளிலும் வாயில் விசில் இருப்பது மாதிரியே பேசுவார். நாலாவது ஆள் பல்லக்காவின் தம்பி. லிப்ட் ரிப்பேர் செய்கிறவன். ஆட்டத்துக்குள் அவன் ஓர் ஓடக்காரன். ஒன்பது வருஷமாக அதே ஓடக்காரன்தான்.

பதினாலு மாசத்துக்கு முன் ஒரு ஞாயிறு, பல்லக்கா ஒரு புதுச் சனத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். பேர் கல்வாயர். மலைச்சரிவில் குடியிருப்பவர்கள். மனசு நொந்தால் நாக்குக்கு அடியில் ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொள்வார்கள்; யார் நோகடித்தார்களோ அந்த ஆளோடு மட்டும் அப்புறம் பேச்சில்லை. அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் இடைவாய் என்று ஓர் ஆள். இவர் சொன்னதை அவரிடம் சொல்வது, அவர் சொன்னதை இவரிடம் சொல்வது. மூன்று பேரும் ஒரே அறையில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தாலும் அதே நடைமுறைதான். நாலு பக்கம் எழுதியிருந்தாள். ஆளுக்கொரு நகல் கொடுத்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் அப்படி ஒரு சனத்தைச் செய்ததில்லை.

கண்டக்டர் இரண்டாம் பக்கத்திலேயே சிரித்துவிட்டார். "அட, இது நம்ம லிப்ட்டுல்ல? பதிமூணு வயசுல அப்பாகிட்டப் பத்து மாசம் பேசாம இருந்தாப்லயே? இந்த அக்காதான நடுவுல போஸ்ட்மேன்?"

கண்டக்டருக்கு அது எப்படித் தெரியும்? பல்லக்காதான் ஒரு நாள் டீ குடிக்கும்போது சொல்லியிருந்தாள். "அக்கா, ஃபேனை நிறுத்தணுமான்னு அவரக் கேளு" என்று தம்பி அப்பா காதுபடச் சொல்வதும், அவள் திரும்பி அப்பாவிடம் அதையே சொல்வதுமாக அந்தப் பத்து மாசம் ஓடியதை வேடிக்கையாகச் சொல்லியிருந்தாள்.

தம்பி பென்சிலை வைத்தான். நகலை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அன்றோடு அக்காவிடம் பேச்சை நிறுத்தினவன் நிறுத்தினவன்தான்.

இதில் எரிச்சல் என்னவென்றால், அவன் அவள் எழுதினபடியே நடந்துகொண்டான். தம்பி மனைவி போன் செய்வாள். "அண்ணி, அப்பாவோட ஆஸ்பத்திரி ஃபைல் உங்ககிட்ட இருக்கான்னு இவர் கேக்கச் சொன்னார்." பின்னால் அவன் குரலே கேட்கும்: "பச்சை ஃபைல்." தம்பி மனைவி சொல்வாள், "பச்சை ஃபைலாம் அண்ணி." அப்பா போய் இரண்டு வருஷமாகிவிட்டது. இப்போது போஸ்ட்மேன் வேலை அந்தப் பெண்ணுக்கு வந்து சேர்ந்தது.

அப்படியிருக்க ஒரு திங்கட்கிழமை, மருந்துக்கடைக்காரி கடையிலிருந்து நேராகப் பல்லக்காவின் பல் லேபுக்கு வந்து, தலைவலி மாத்திரை கொடுக்கிற முகத்தோடு செய்தி சொன்னாள்.

"மூணாவது ஞாயிறு உன் தம்பி வர்றானாம்டி."

"நிஜமாவா?"

"முழுசாக் கேளு. அவன் ஓடக்காரனுக்கு ஒரு முடிவு கட்டிட்டு, அவனைப் பத்தி எழுதி வச்ச தாளைக் குடுத்துட்டுப் போகத்தான் வர்றானாம்."

அது அந்த மேஜையின் கட்டுப்பாடு. ஆட்டத்தை விட்டுப் போகிறவர் தன் ஆளை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. அவரே வந்து உட்கார்ந்து அந்த ஆளின் கதையை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். முடித்த பிறகு அவனுக்கு அங்கே வர ஒரு காரணமும் கிடையாது. அந்த மேஜையை விட்டால் அக்காவும் தம்பியும் ஒரே கூரைக்கு அடியில் உட்கார வேறு இடமும் கிடையாது.

பல்லக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். மூன்று வாரத்தில் ஒரு புதுச் சனம். பார்த்தவுடன், 'இவர்களோடு இன்னும் பத்து வருஷம் இருந்து பார்க்கலாம்' என்று அவனுக்குத் தோன்ற வேண்டும்.

ப்ளாஸ்டர் இறுகும் நேரத்தில் நோட்டை எடுத்து எழுதினாள். முதலில் இறகர். முதுகில் சிறகு, வானத்தில் வீடு. முதல் ஞாயிறு கண்டக்டரிடமும் சிநேகிதியிடமும் படித்துக் காட்டினாள்.

"நல்லாருக்கு," என்றார் கண்டக்டர். "மல்லாந்து படுக்க முடியாதே, எப்படித் தூங்குவாங்க?"

"குப்புறப் படுப்பாங்க."

"கர்ப்பிணிங்க?"

பல்லக்கா நோட்டைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.

"எல்லாரும் பறந்தா ரோடு எதுக்கு? ரோடு இல்லைன்னா பஸ் எதுக்கு?" என்றார் கண்டக்டர். "என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே உலகத்தம்மா."

இறகர் அன்றோடு போனார்கள். அடுத்து, பொய்யே சொல்லத் தெரியாத ஒரு சனம். இது ஆழமாக இருக்கும் என்று நினைத்தாள். இரண்டாவது ஞாயிறு ஆடிப் பார்த்தார்கள். கண்டக்டர் ஊருக்குள் நுழைந்து முதலில் பார்த்த ஆளிடம், "புதையல் எங்க?" என்றார். பல்லக்கா விழித்தாள். விதிப்படி அவன் சொல்லித்தானே ஆக வேண்டும்? "கோயில் கிணத்துல," என்றாள். "காவல் உண்டா?" "இல்ல." ஏழு நிமிஷத்தில் ஆட்டம் முடிந்தது. மருந்துக்கடைக்காரி பாதி டீயைக்கூடக் குடித்திருக்கவில்லை.

"இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு," என்றாள் அவள். "சீட்டு ஆடலாமா?"

அடுத்தது ஆற்றங்கரைச் சனம். அரசன் கிடையாது, பெரியம்மாக்கள் ஏழு பேர் கூடி ஆள்வார்கள். எழுத எழுத அவளுக்கே சந்தேகம் வந்தது. மூன்றாவது பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. ஐந்தாவது பெரியம்மா கல்யாண வீட்டில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்கிறாள். இது அம்மா வழிச் சொந்தக்காரர்கள், அச்சு அசலாக. எதைப் பிசைந்தாலும் உறவுக்காரர் முகமே வருகிறது என்றால் மனுஷி என்னதான் செய்வாள்? முகம் வரக்கூடாது என்று ஆறு விரல், நீலத் தோல் எல்லாம் வைத்துப் பார்த்தாள். நீலத் தோலோடு அத்தை பையன் வந்து நின்றான்.

அந்த எரிச்சலில் ஒரு கிழவரின் கீழ்த்தாடை மெழுகில் கடைவாய்ப்பல்லை இடம் மாற்றி நட்டு அனுப்பிவிட்டாள். டாக்டர் போனில் கேட்டார், "ஏம்மா, இவர் எந்தப் பக்கம் மெல்லணும்னு நினைச்சீங்க?" இருபது வருஷத்தில் அவள் அப்படி ஒரு பேச்சு வாங்கியதில்லை.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை. கையில் ஒரு சனமும் இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கல்வாயர்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நாலு பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்தாள். மலைச்சரிவு மொத்தமும் மண்சரிவில் போய்விட்டது என்று வரைபடத்தில் ஒரே இழுப்பில் கோடு போட்டாள். கிழித்த தாளை லேபின் குப்பை வாளியில், ஈர ப்ளாஸ்டருக்கு அடியில் அமுக்கினாள். அவன் வரும்போது அவனை நோகடித்தது எதுவும் அந்த உலகத்தில் மிச்சம் இருக்காது. அதுவாவது ஆகட்டும்.

மருந்துக்கடைக்காரியிடம் சொன்னபோது அவள் கேட்டாள், "ஒருத்தன் கோவிச்சுக்கிட்டான்னு ஊரையே கொன்னுட்டியா?"

"உனக்கென்ன, நீ மாத்திரையை எண்ணிக் குடுத்துட்டுப் போயிருவ."

"நான் எண்ணித்தான் குடுக்குறேன். நீ அந்த நாலு பக்கத்தை எண்ணாம எல்லாருக்கும் குடுத்துத்தான் இப்படி ஆச்சு."

ஞாயிறு வந்தது. மூன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது தம்பி வந்தான். வேலைக்குப் போகிற அதே நீலச் சட்டை. யாரையும் பார்க்காமல் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். தன் தாளை எடுத்து மருந்துக்கடைக்காரி பக்கம் தள்ளினான்.

"இதை அவங்ககிட்டக் குடுங்க."

மருந்துக்கடைக்காரி தாளை ஒரு சாண் நகர்த்தினாள். பல்லக்கா எடுத்துப் பார்த்தாள். கடைசி வரி புதிதாக எழுதியிருந்தது: ஓடக்காரன் கல்வாயர் மலைக்குப் போகிறான். அங்கே குடியிருந்து அங்கேயே சாகிறான்.

உலகத்தில் இருக்கிற அத்தனை ஊரையும் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை அவள் அழித்த ஊருக்கா இவன் டிக்கெட் எடுக்க வேண்டும்?

"அங்கதான் போகணுமாமா?" என்று சிநேகிதியைக் கேட்டாள்.

"அங்கதான்னு சொல்லுங்க," என்றான் தம்பி மேஜையைப் பார்த்து.

"அங்கதானாம்," என்றாள் மருந்துக்கடைக்காரி. "எனக்கு இதுக்குத் தனியா ஃபீஸ் உண்டா?"

மலை போய்விட்டது என்று சொல்ல பல்லக்காவுக்கு வாய் வரவில்லை. மற்ற இரண்டு நகலும் என்றைக்கோ தொலைந்து போயிருந்தன. வேறு வழியில்லாமல் ஞாபகத்திலிருந்து ஆரம்பித்தாள்.

"ஓடக்காரன் மலை ஏறுறான். வாசல்ல ஒரு கிழவி நிக்கிறா. அவ வாயில கல்லு இருக்கு. வலது கன்னத்துல..."

தம்பி நிமிர்ந்தான்.

"அவ இடைவாயைக் கூப்பிடுறா. இடைவாயா இருக்கிறது அந்த வீட்டு மூத்த பையன். அவன் வந்து, ஏழு நாளைக்கு ஒரு தடவைதான் சேதி கொண்டுபோவேன்னு..."

தம்பியின் கட்டைவிரல் மேஜை விளிம்பைத் தேய்த்தது.

"கல்லை ராத்திரி எடுத்துத் தண்ணியில போட்டுட்டு, காலையில மறுபடி வாயில வச்சுக்குவாங்க. அந்தக் கல்லு ஆத்துல பொறுக்கினது..."

"ஆத்துல இல்லக்கா."

கண்டக்டர் வாயைத் திறந்தார். மேஜைக்கு அடியில் மருந்துக்கடைக்காரி அவர் காலை மிதித்தாள். அவர் முகத்திலேயே அது தெரிந்தது.

தம்பி நிறுத்தவில்லை. "வீட்டு வாசப்படியில பேர்த்து எடுத்த கல்லு. அதுதான மூணாம் பக்கத்துல முக்கியமான வரி? கன்னத்துல இல்ல, நாக்குக்கு அடியில. இடைவாய் மூத்த பையன் இல்ல, கல்யாணம் ஆகாத பொண்ணு. ராத்திரி எடுக்கவே மாட்டாங்க. ஏழு நாள்னு நீ எங்கயுமே எழுதல. எல்லாத்தையும் தப்பாச் சொல்ற. என்ன ஆச்சு உனக்கு? நீ எழுதினது உனக்கே ஞாபகமில்லையா?"

"கிழிச்சுட்டேன்," என்றாள் பல்லக்கா.

"என்னது?"

"கிழிச்சுட்டேன்டா. வெள்ளிக்கிழமை. நீ வர்றேன்னுதான் கிழிச்சேன்."

அவன் சட்டைப்பையில் கைவிட்டு அந்த நகலை எடுத்தான். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டி, ஓரமெல்லாம் கிரீஸ் விரல். லிப்ட் குழிக்குள் வைத்தெல்லாம் படித்திருக்கிறான்.

"பதினாலு மாசமாப் படிக்கிறேன்," என்றான். "நல்லா எழுதியிருக்க. அதான் ஆத்திரமே."

"கண்டக்டர் சிரிச்சார்னு..."

"அவர் எதுக்குச் சிரிக்கல? அதுக்கு முன்னாடி நான் படியில விழுந்தப்பவும் சிரிச்சார்."

"அது கொஞ்சம் காமெடியா விழுந்தீங்க," என்றார் கண்டக்டர்.

தம்பி தாளை மேஜையில் விரித்தான். "இதைப் பாரு. வாயை மூடுறது எப்படின்னு நாலு பக்கம். எந்தக் கல்லு, எங்க வைக்கிறது, யார் நடுவுல. எல்லாம் இருக்கு. திறக்கிறது எப்படி? ஒரு வரி இருக்கா? ஒருத்தன் உள்ள போனா வெளிய வர வழியே வைக்கல நீ. மூடினா மூடினதுதான், செத்தாத்தான் உண்டுன்னு இருக்கு. என்னை அப்படித்தான் நினைச்சிருக்கேன்னு தெரிஞ்சுச்சு. சரி, என் ஆளும் அங்கயே போய்ச் சாகட்டும்னு வந்தேன்."

பல்லக்கா தாளைப் புரட்டிப் பார்த்தாள். அவன் சொன்னது சரி. மேல்வாய்க்கு அத்தனை பல்லையும் நட்டுவிட்டுக் கீழ்வாயைச் செய்ய மறந்தவள் மாதிரி இருந்தது அவளுக்கு. ஒன்பது வருஷமாக உலகம் கட்டுகிறவளுக்கு இது ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை.

"எனக்குத் தெரியாதேடா," என்றாள். "நீயும் அப்பாவும் எப்படிப் பேச ஆரம்பிச்சீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது. நான் ஹாஸ்டல் போனப்போ பேசல. லீவுக்கு வந்தா ரெண்டு பேரும் உக்காந்து டிவி பாத்துட்டு இருக்கீங்க. யாரும் எனக்குச் சொல்லல. என் வேலை போச்சேன்னு கூட இருந்துச்சு."

"நீயும் கேக்கல."

"கேட்டாத் திரும்ப மூடிக்குவியோன்னு பயம்."

அவன் பகடையை உருட்டிக்கொண்டே சொன்னான். "முடி வெட்டப் போயிருந்தோம். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வெட்டுறவர் அப்பாகிட்ட, பையன் என்ன படிக்கிறான்னு கேட்டார். அப்பா ஏழாவதுன்னார். நான், எட்டாவதுப்பான்னேன். அப்பா, ஆமா, எட்டாவதுன்னார். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வர்ற வழியில பால் வாங்கிட்டு வந்தோம்."

"அப்பா வேணும்னே தப்பாச் சொன்னாரா?"

"தெரியாது. கேக்கல."

பல்லக்கா பென்சிலை எடுத்துவிட்டாள். "அப்போ இதுதான் விதி. நோகடிச்சவங்க, நொந்தவங்க முன்னாடி அவங்களைப் பத்தி ஏதாவது தப்பாச் சொல்லணும். பொறுக்க முடியாம அவங்க திருத்துவாங்க. கல்லு விழுந்துரும்."

"வேணும்னு சொன்னா அது தந்திரம்," என்றான் தம்பி. "தந்திரத்துக்கு எந்தக் கல்வாயன் வாயைத் திறப்பான்? நிஜமாவே தப்புப் பண்ணியிருக்கணும்."

"அப்போ நிஜமாத் தப்பு வர்ற வரைக்கும் வருஷக்கணக்கா உக்காந்திருக்கணுமா?"

"உக்காந்திருக்கட்டும்."

"இது ஒரு விதியாடா? நாளைக்கு ஒருத்தர் ஆடும்போது நான் எப்படி நடத்துறது? நிஜத் தப்பா, பொய்த் தப்பான்னு யார் சொல்றது?"

"பகடை போடு."

"மனசைப் பகடை போட்டுப் பாக்க முடியுமா?"

"ராட்சசன் மனசையே பகடை போட்டுத்தான பாக்குற?"

ஐந்து மணி வரை இதே சண்டை. மருந்துக்கடைக்காரி இரண்டு தடவை டீ வைத்தாள். ஒரு விதி எழுதுவாள், அவன் ஓட்டை காட்டுவான், அழிப்பாள். தாளே தேய்ந்து ஓட்டை விழுந்தது. பதினாலு மாசம் இவன் பேச மாட்டானா என்று ஏங்கினவளுக்கு, இவன் எப்போது வாயை மூடுவான் என்று ஆகிவிட்டது. ஓடக்காரனை அன்றைக்கு யாரும் சாகடிக்கவில்லை. கல்வாயர் ஊரின் விதியே முடிவாகாதபோது அங்கே ஒருத்தன் எப்படிக் குடியேறுவது, எப்படிச் சாவது? கண்டக்டர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"உள்ள இன்னும் இடமிருக்கு, ஆனா என் டூட்டி நேரம் முடிஞ்சுது," என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. பல்லக்கா கிண்ணத்தில் ப்ளாஸ்டரைக் கலக்கி அச்சில் ஊற்றப் போகிறாள். போன் அடித்தது. தம்பி மனைவி நம்பர் இல்லை, அவன் நம்பர்.

"அக்கா, வேலையா இருக்கியா?"

"ஆமா. என்ன?"

"அந்த விதியில இன்னொரு ஓட்டை இருக்கு."

"டேய், ப்ளாஸ்டர் கையில இருக்கு. ரெண்டு நிமிஷத்துல இறுகிரும்."

"தப்பாச் சொல்ல வேண்டியவங்க செத்துட்டா?"

அவன் எங்கேயோ ஒரு கட்டடத்தின் குழிக்குள் நின்று பேசுகிறான். மேலே யாரோ கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்பா வேணும்னே தப்பாச் சொன்னாரான்னு ஞாயித்துக்கிழமை கேட்டல்ல," என்றான். "அதுல இருந்து அதே நினைப்புதான். கல்லு இல்லாமலே இருக்கிறவன் ஒருத்தன். ஆனா கேக்க வேண்டியதைக் கேக்கல. அவனுக்கு என்ன விதி?"

"தெரியலடா," என்றாள் அவள். "இதை ஞாயித்துக்கிழமை கேக்கக்கூடாதா? பாரு, இறுகிப் போச்சு."

"மறுபடி கலக்கு. நான் லைன்லயே இருக்கேன்."

"டாக்டர் பல்லு கேட்டுத் தலைமேல நிக்கிறார்."

"அவருக்குப் பல்லு நாளைக்கு வந்தாலும் பல்லுதான். நீ அந்த இடைவாய்ப் பொண்ணு கேட்டுச் சொல்லலாம்னு வச்சா?"

"இடைவாய் எப்படிடா கேக்கும், அந்தப் பக்கம் ஆள் இல்லாம? யோசிச்சுத்தான் பேசுறியா?" என்று திட்டிக்கொண்டே, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கிண்ணத்தில் காய்ந்ததைச் சுரண்டிப் போட்டுவிட்டு, புதுசாகத் தண்ணீரை அளந்து ஊற்றினாள்.